பாற்பல்லும் நுகர்வினையும்

தண்டுவடம் அறுபட்டு இடுப்பின்கீழ் உணர்ச்சியற்றுக் கிடக்கும் இளைஞர் ஒருவர்க்குத் தந்தையாராகிய அன்பர், சில திங்கட்கு முன் எமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். மகனார் மாடியினின்று வீழ்ந்து நான்காண்டுகள் ஆயினவாம். சிறுவர்க்குத் தாமே விழும் பாற்பல்லினின்று எடுக்கப்படும் அணுக்களால் கெட்டுப்போன நரம்பினைச் செப்பனிடலாம் என்னும் செய்தி அவர் செவிக்கு எட்டியது. எட்டிய அன்றே, சைவ நூற்பயிற்சி மிக்க பெரியார் ஒருவர் ஒரு கூட்டத்திடையே, "பிணி கருவிலேயே வகுக்கப்பட்டது; அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும்; மாற்றப் புகுதல் இறைவன் ஆணையொடு மாறுகொள்வதாம்" என்று அவரை நோக்கிக் கூறினாராம். "என் மகனுக்கு மருந்து தேடலாகாதென்று சாத்திரம் விலக்குகின்றதா? விலக்குமாயின் அமைந்துவிடுகின்றேன், விலக்காதாயின் அதனை எழுத்தால் தெரிவியுங்கள்" என்பது கடிதத்தின் முடிவு. அவ்வன்பர்க்கு வேறாக விடை எழுதினோம். எனினும் இவ்வினா அவரொருவர்க்கே உரியதன்று ஆகலானும், நம் திருமடங்களிலும் சபைகளிலும் இது பலகாலும் நிகழக் கேட்டிருத்தலானும், ஈண்டுச் சிறிது விரித்து ஆராயப் புகுந்தனம்.

முதற்கண் செய்தி இன்னதென்று தெளிதல் வேண்டும். தெளியாது ஆராயின் நிழலொடு பொருதலாய் முடியும். பல்லின் புறத்தே வெண்மையாய்த் தோன்றும் பகுதி கல்லினை ஒத்த வன்மையுடையது. அதனகத்தே குருதிக்குழாயும் நரம்பும் செறிந்த மெல்லிய கூழ் ஒன்று உளது. அதனைப் பற்கூழ் என்ப. அக்கூழினிடத்து, இன்ன உறுப்பிற்கே உரியதென்று முற்றத் துணியப்படாது, தாம் பெருகவும் வேறுவேறு வகையணுவாய்த் திரியவும் வல்ல சில அணுக்கள் உள்ளன. இவற்றை இக்காலத்தார் ஸ்டெம் செல் என்றும் குருத்தணு என்றும் வழங்குவர். 2000-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நகரிலுள்ள அரசாங்க ஆய்வு நிலையத்தே ஸ்டான் கிராந்தாஸ், சாங்தாவ் ஷி முதலியோர் வளர்ந்தாரது ஞானப்பல்லினின்று இவ்வணுக்களைப் பிரித்தெடுத்தனர். 2003-ஆம் ஆண்டில் ஷி முதலியோர், விழுந்த பாற்பல்லினும் இவை உள என்று காட்டினர். முன்வாய்ப் பாற்பல் ஒன்றின் கூழில் இங்ஙனம் குழுவாய்ப் பெருகும் ஆற்றலுடைய அணு ஏறத்தாழ 12 முதல் 20 வரையே. ஆயினும் அவை வளர்கலத்தில் இடப்பட்ட பின்னர் ஞானப்பல்லின் அணுவினும் விரைந்து பெருகின.

இனி நரம்பின் இயல்பு. கைகால்களிற் செல்லும் நரம்பு அறுபடின், அஃது ஒரு நாட்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவாக மீண்டும் வளரும். இடைவெளி சிறிதாயின் தானே பொருந்துதலும் உண்டு. மூளையினும் தண்டுவடத்தினும் உள்ள நரம்பிழை அத்தன்மைத்தன்று. அறுபட்ட முனை வளரத் தொடங்கிப் பின் தடையுண்டு நின்றுவிடுதலைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இஸ்பானிய அறிஞர் ராமோன் இ காஹால் நுண்காட்டியின்கண் கண்டு எழுதினார். சிதைந்த உறையினின்று வெளிப்படும் சில பொருள்கள் வளர்ச்சியை மறிக்கின்றன என்பதும், புண்ணின் வடு வழியடைத்து நிற்கின்றது என்பதும் பின்னர்த் தெளிந்தன. 2012-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டு நகோயா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யமமோட்டோ, உவேடா முதலியோர், எலிகளின் தண்டுவடத்தை முழுதும் அறுத்து, அறுத்த இடத்தே மக்களது பற்கூழணுவைப் பெய்து பார்த்தனர். எலும்பு மச்சையின் அணுவும் தோலணுவும் பெய்யப்பட்ட எலிகளைக் காட்டினும் இவை தம் பின்னங்கால்களின் இயக்கத்தை மிகுதியும் மீளப்பெற்றன. காரணம் மூன்றெனக் கண்டனர். பெய்யப்பட்ட அணு, சாகும் நிலையிலிருந்த அணுக்களைச் சாவாது காத்தது. நரம்பிழையின் வளர்ச்சியை மறிக்கும் பொருள்களின் ஆற்றலைத் தான் சுரக்கும் நீரால் அடக்கியது. தானும் நரம்பிழைக்கு உறை செய்யும் அணுவாய்த் திரிந்தது. நரம்பணுவாகவே அது மாறிவிடவில்லை என்பதனை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

மக்களிடத்து நிகழ்ந்தது இதனினும் சிறிது. 2018-ஆம் ஆண்டில் சீனத்துச் சியான் நகர மருத்துவர், அடிபட்டுக் கூழ் இறந்த பல்லினுள் அச்சிறுவர்தம் பாற்பல்லணுவையே வைத்து, ஓராண்டில் குருதிக்குழாயும் உணர்நரம்பும் உடைய கூழ் மீண்டும் தோன்றக் கண்டனர். மூளைக் குருதிக்குழாய் அடைத்துப் பக்கவாதம் உற்றாரிடத்துப் பற்கூழணுவைப் பெய்து பார்க்கும் சோதனை 2019-ஆம் ஆண்டில் சப்பானில் தொடங்கியது. அறுபட்ட மனிதத் தண்டுவடத்திற்கு இது நிறுவப்பட்ட மருத்துவம் ஆகவில்லை. இவ்வுண்மையை அன்பர்க்கும் மறையாது எழுதினோம்.

இல்லது தோன்றாது என்பது நம் சித்தாந்தத்தின் அடிநிலை. பல்லினின்று நரம்பிற்குரிய அணு தோன்றுமாயின், அஃது ஆண்டு எங்ஙனம் இருந்ததென்னும் வினா எழும். விடை கருவின்கண் உளது. கருவில் முதுகின் வழியே ஒரு பள்ளம் தோன்றி, அதன் இருகரையும் ஒன்றுகூடிக் குழாயாகி, மூளையும் தண்டுவடமும் ஆகின்றன. கரைகள் கூடும் விளிம்பினின்று சில அணுக்கள் பிரிந்து உடம்பின் பல பாலும் பரந்து செல்கின்றன. நரம்பு முகடு எனப்படும் இதனை 1868-ஆம் ஆண்டில் வில்லெல்ம் ஹிஸ் என்பார் கோழிக்கருவின்கண் முதலிற் கண்டார். முகத்தின் எலும்பு பலவும், பற்கூழும், கைகால் நரம்பின் உறையணுவும் இம்முகட்டினின்று போந்தனவே. பல்லும் நரம்புறையும் ஒருதாய் வயிற்றுப் பிறந்து வேற்றூர் சென்று குடியேறிய உடன்பிறப்பு எனல் பொருந்தும். சற்காரியம் கொள்வார்க்கு இது வியப்பன்று.

ஆயின் ஒன்று கூறல் வேண்டும். மேனாட்டார் எதனைக் கண்டாலும் அது நம் சூத்திரத்தின்கண் முன்னரே உளதென்று கைகொட்டுவார் நம்முள் ஒருசிலர் உளர். அங்ஙனம் கூறுதல் நூலுக்கும் பெருமையன்று. இரவு பகலாக நுண்காட்டியின் முன் இருந்தார்க்கும் நன்றியன்று. மெய்கண்ட தேவர் பற்கூழைப் பற்றி ஒன்றும் கூறினாரல்லர், கூறவேண்டியதும் இல்லை. கண்டுவைத்த பொருளை எவ்வாறு எண்ணுவதென்பதற்கு அவர் தந்த அளவைகளே நமக்குப் பயன்படுவன. அவற்றுள் ஒன்று காரணப் பாகுபாடு. முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என மூன்றனுள், பற்கூழணு அறுபட்ட நரம்பிற்குப் பெரும்பாலும் துணைக்காரணமாய் நிற்கின்றது என்பதே நகோயா ஆய்வினாற் பெறப்பட்டது. குடத்திற்கு மண்ணாய் நில்லாது, திகிரியாய் நின்றது. வளரும் ஆற்றல் நரம்பிழையிடத்தே முன்னரே கிடந்தது. மறைத்து நின்றது நீங்கவே வெளிப்பட்டது. மறைப்பு நீக்கத்தால் விளக்கம் என்னும் இம்முறை நம் நூல்களில் ஆன்மாவைப் பற்றியது, உடம்பைப் பற்றியதன்று. உவமை அளவிற் கொள்ளின் இழுக்கில்லை.

உலகாயதன் ஈண்டு ஒரு தடை எழுப்புவான். பல்லையுடைய சிறுவனைப் பிரிந்தும், ஏன், அவன் இறந்த பின்னும், அவ்வணு கலத்தில் வாழ்ந்து பெருகுகின்றது. ஆகவே உயிரென்பது பூதங்களின் கூட்டமே என்பன். முருங்கையின் போத்தினை வெட்டி நட்டால் தழைக்கின்றது என்பதனை நம் முன்னோரும் அறிவர். அதனால் அவர் ஆன்மாவை மறுத்தாரல்லர். தழைத்தலையும் பெருகுதலையும் காட்டி ஆன்மாவை நாம் நாட்டவில்லை. 'என் கை', 'என் கால்' என்று உடம்பினைத் தன்னின் வேறாக வைத்து உணரும் அறிவினைக் கொண்டே நாட்டுகின்றோம். மேற்கூறிய இளைஞர்க்குத் தம் கால் உண்டென்பதனைக் கண்ணாற் பார்த்தன்றி அறிதல் இயலாது. தீச்சுடினும் தெரியாது. அங்ஙனமாகவும் அவர் அதனை 'என் கால்' என்றே சொல்கின்றார். நரம்பே ஆன்மா எனின், நரம்பு சென்று முட்டாத காலினை அவர் பிறர் பொருளாக அன்றோ கருதல் வேண்டும்? உடையானை உடைமையினின்று பிரித்துக் காட்டுதற்கு இதனினும் தெளிவாகிய எடுத்துக்காட்டினை யாம் கண்டதில்லை. இஃது இத்துணையின் அமைக.

இனி, கருதிய பொருளுக்கு வருதும். பெரியார் கூறியது ஆதாரமற்றதென்று தள்ளற்பாலதன்று. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைவன எனச் சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்துக் கூறும். முன்செய்த வினை நுகர்ச்சியாற் கழியும் என்பதும், இப்பிறப்பிற் செய்வது இனிவரும் உடம்பிற் சென்று பயனாம் என்பதும் ஆண்டே பெறப்படும். இவற்றைச் சேர்த்து நோக்கின், பிணி வந்தது நுகர்வினையால். அதனைத் தீர்க்கச் செய்யும் முயற்சி எதிர்வினை. எதிர்வினை இவ்வுடம்பிற் பயன் தாராது. ஆகவே மருந்து வீண் என்று முடிக்கத் தோன்றும். வலிய வாதமே. யாமும் இளமையில் இதன்கண் சில காலம் மயங்கி நின்றதுண்டு.

வழு எங்குளதெனின், ஆறனுள் ஒன்றனை மட்டும் எண்ணியதில் உளது. பிணி கருவில் அமைந்ததாயின் பேறும் அங்ஙனமே அமைந்தது. மருத்துவன் கிடைத்தலும், மருந்து வாய்த்தலும், அதனாற் கால் அசைதலும் பேற்றினுள் அடங்குவன. வாராது நிற்றல் இழவினுள் அடங்குவது. இரண்டனுள் எது இவ்விளைஞர்க்கு அமைந்ததென்று எவர் கண்டார்? மேலும், நுகர்வினையென்பது பழவினைக் குவையினின்று இவ்வுடம்பிற்கென்று அளந்து கொள்ளப்பட்டது. அளவுடையதற்கு எல்லையும் உண்டு. அவ்வெல்லை நான்காண்டோ நாற்பதாண்டோ என்பதனைப் பெரியாரும் அறிந்திலர், யாமும் அறிந்திலேம். அறியாத ஒன்றனை முடிந்ததாகக் கொண்டு, ஒரு தந்தையை முயலாதே என்று தடுத்தல் நூற்பயிற்சியின் பயன் ஆகாது. (அப்பெரியார் மூக்குக்கண்ணாடி அணிந்துகொண்டே அக்கூட்டத்தில் நூல் படித்தார் என்று அன்பர் எழுதியிருந்தார். அதனை யாம் வாதமாக எடுத்துக்கொள்ளவில்லை.)

துன்பத்தை நுகர்ந்தாலன்றி வினை தேயாது என்னும் எண்ணமும் ஆராயத்தக்கது. அருணந்தி சிவம் அதே சூத்திரத்துள் இறைவனை மருத்துவனாக உவமிக்கின்றார். சில பிணியை அறுத்துக் கீறித் தீர்க்கும் மருத்துவன், வேறு சிலவற்றை இனிய பண்டம் ஊட்டித் தீர்க்கின்றான். அவ்வாறே இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் நுகர்வித்து வினையை அறுக்கின்றான் என்பது அவர் கருத்து. இன்பம் நுகர்தலும் வினைக்கழிவே என்பது இதனாற் பெற்றாம். நான்காண்டு துன்பம் நுகர்ந்தவன் நலம் பெற்று மகிழ்வானாயின், அம்மகிழ்ச்சியாலும் ஒரு வினை கழிகின்றது; கணக்குப் பிழைபடுவதில்லை. இன்னொன்றும் நோக்குக. அறுவைக் கத்தியைக் கையிற்கொண்ட மருத்துவன் செயலை இறைவன் அருட்செயலுக்கு உவமையாக எடுத்த ஆசிரியர், அச்செயலை இறைவன் ஆணைக்கு மாறென்று கருதியிருத்தல் கூடுமோ?

இதன்மேலும் வன்மையுடைய சான்று ஒன்று நம் பெருமக்கள் வரலாற்றில் உளது. ஆளுடைய பிள்ளையார் கொங்குநாட்டிற் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்துப் பனிப்பருவம் வந்தது. உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அந்நாட்டிற்கு அப்பருவத்தில் அஃது இயல்பென்பதனைப் பிள்ளையார் அறிந்தும், இயல்பென்று அமைந்தாரில்லை. முன்வினையென்று கூறி வாளாவிருந்தாரும் அல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடினார். முன்செய்ததற்கு இது பயன் என்னும் சொல்லளவில் நின்று, நீங்கும் வழியை ஆராயாதிருப்பாரை அவர் அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே குறையுடையாராகக் கடிந்து பேசுதலை அதனை நாடோறும் ஓதுவார் நன்கறிவர். ஓதுவார் பலர்; ஓதியதனை நோயாளியின் கட்டிலருகே நினைவார் அத்துணைப் பலரல்லர்.

அது பதிகத்தால் வந்த அருள். பற்கூழ் மருந்து அருளாகுமோ எனின், கூறுதும். வினை அசித்து, தானே சென்று தன் பயனைக் கூட்டாது, கூட்டுவிப்பது இறைவன் சத்தி என்பது நாம் மீமாஞ்சகரோடு வாதிட்டு நாட்டிய முடிபு. மருந்தும் அசித்தே. பிணியைக் கூட்டுவித்தது இறைவன் ஆணை, மருந்தைக் கூட்டுவித்தது அவன் ஆணையன்று எனின், உலகில் ஒரு பொருள் அவன் ஆணைக்குப் புறம்பாய்த் தானே தொழிற்படுவதாய் முடிந்து, அவனது முதன்மைக்கே இழுக்காம். ஆகவே மருந்தினை விலக்குதற்கு இறைவன் ஆணையைத் துணைக்கொள்ளல் ஒருவாற்றானும் இயையாது.

பிறரது நுகர்வினையை அளந்தறியும் கோல் நம்மிடத்து இல்லை. நாம் செய்வது இன்னதென்று அறியும் கோல் நம் ஒவ்வொருவரிடத்தும் உளது. ஆதலின், வினைக்கொள்கையை நோயாளியின் காலின்மேல் ஏற்றிப் பேசுதலினும், மருந்து செய்வார் கையின்மேலும் மருந்து கொள்வார் கையின்மேலும் ஏற்றிப் பேசுதலே முறை. அவ்வழி நோக்கும்போதுதான் பற்கூழ் மருத்துவத்திற் சைவர் கவலைப்படற்பாலதாகிய பொருள் புலனாகும். இதனைப் பற்றிப் பெரியாரும் ஒன்றும் கூறவில்லை, அன்பரும் வினாவவில்லை.

குருத்தணுவை எங்கிருந்து எடுப்பதென்பதிற் பெரிய வேறுபாடு உண்டு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் என்பார் சில நாட் கருவினின்று இவ்வகை அணுவை எடுத்து வளர்த்தார். எடுத்தலால் அக்கரு அழிந்தது. கருவிலேயே உயிர் வந்து புகுந்ததெனக் கொள்ளும் நமக்கு அது கொலையே. அதனை உடன்படுதல் இயலாது. பாற்பல்லோ, 6 வயது முதல் 12 வயது வரையில் இருபதும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தாமே விழுவன. எவரையும் வருத்தாது பெறப்படும். ஊர்களில் அதனைச் சாணத்துட் பொதிந்து கூரைமேல் எறிவர். அத்துணைப் பயனற்றதெனக் கருதப்பட்டது. இதனைக் கண்ணப்பர் கண்ணிடந்து அப்பிய செயலொடு ஒப்பிட்டு எழுதலாகாதோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆகாது. அவர் இடந்தது தம் உயிரினும் சிறந்த அன்பினால்; இஃது உதிர்ந்த பொருளைப் பொறுக்கிக் கொள்வது. தூய்மையால் மட்டும் இரண்டும் ஒக்கும்.

ஆயினும் பல் தூயதாயிருத்தல் போதாது. அதன் அணு எதனை உண்டு வளர்கின்றது என்பதும் நோக்கற்பாலது. பன்னிரண்டு அணு பல இலக்கமாக வேண்டுமாயின் வளர்நீர் வேண்டும். அவ்வளர்நீரிற் பன்னெடுங்காலமாக ஆய்வாளர் கலந்துவருவது கருக்கன்றின் ஊனீர். கொலைக்களத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஆக்களுள் சில சினையாயிருத்தல் உண்டு. அவற்றைக் கொன்றபின் வயிற்றினின்று கன்றினை எடுத்து, அதன் நெஞ்சில் ஊசி செலுத்திக் குருதியை வாங்கி, உறையவைத்துத் தெளிநீரைப் பிரித்தெடுப்பர். அணுக்களை வளர்த்தற்கு உதவும் ஊட்டங்கள் அதன்கண் மிகுதியாக உள்ளமையே காரணம். ஆவினை அதன் சினையோடு கொன்று பெற்ற நீரில் வளர்ந்த மருந்தினை, ஆனைந்து ஆடும் பெருமானை வழிபடுவார் எவ்வாறு எண்ணுவது? இவ்வினா எம்மைப் பல நாள் உறக்கமின்றி வைத்தது என்று கூறினும் மிகையாகாது.

ஊன் விற்பான் தீவினை செய்தான், விலைக்குக் கொண்டவன் செய்திலன் என்னும் வாதத்தினைத் திருவள்ளுவர் புலான்மறுத்தல் அதிகாரத்துள்ளே அறுத்துவிட்டார். கொள்வார் இலராயின் விற்பாரும் இலர் என்பது அவர் நெறி. அந்நெறி ஊனுக்கு மட்டும் உரியதன்று, ஊனீர்க்கும் உரியதே. ஆகவே ஊனீர் வாங்கும் ஆய்வுநிலையம் அக்கொலையின் பங்கினின்று தப்பாது. நல்லூழாக இதற்கு மாற்று உண்டு. மக்கள் மனமுவந்து ஈந்த குருதியின் தட்டணுவினின்று எடுக்கப்படும் சாறும், விலங்கின் பொருள் யாதும் கலவாது வகுத்த வளர்நீரும் இப்போது பல ஆய்வுக்கூடங்களிற் பயன்படுகின்றன. மக்கள் உடம்பினுட் பெய்யும் அணுவில் விலங்கின் புரதம் கலத்தலால் வரும் தீங்கினை அஞ்சி மருத்துவரே இம்மாற்றினை விரும்புகின்றனர். அவர் காரணம் வேறு. நம் காரணம் வேறு. முடிவு ஒன்றாயின் நமக்கு வழக்கில்லை. மருத்துவச் சாலைகளுக்குப் பொருளுதவி புரியும் ஆதீனத் தலைவர்கள், "அணு எந்நீரில் வளர்க்கப்படுகின்றது?" என்னும் ஒரு வினாவை விடுத்து, அதற்கு விடை பெற்றபின் உதவுவாராயின், பல மேடைச் சொற்பொழிவினும் அது பயன்படும்.

எலிகளைப் பற்றியும் கூறாதுவிடல் நேர்மையன்று. நகோயாவில் தண்டுவடம் அறுக்கப்பட்ட எலி தானாக மாடியினின்று வீழ்ந்ததன்று. திருமறைக்காட்டுத் திருவிளக்கின் நெய்யை உண்ணப் புகுந்து, அறியாது திரியைத் தூண்டிய எலி மாவலி மன்னனாகப் பிறந்ததென்னும் வரலாற்றைப் போற்றும் நாம், எலியின் உடம்பினுள் வழிப்போக்காய் நிற்பதும் ஓர் ஆன்மாவே என்பதனை மறத்தல் கூடாது. பிறர் பல்லாயிரவர் நலத்தின்பொருட்டுச் செய்தமையின் அது பாவமன்று என்பாரும், சண்டேசுரர் செயலையும் சிறுத்தொண்டர் செயலையும் எடுத்துக்காட்டி அமைதி கூறுவாரும் உளர். அச்செயல்கள் சிவன்பால் வைத்த அன்பு தம்மையும் விழுங்கிய நிலையில் நிகழ்ந்தன. அவற்றை ஆய்வுக்கூடத்திற்கு உரிமைச்சீட்டாக எழுதிக்கொடுத்தல் அப்பெருமக்கட்குச் செய்யும் இழிவாகும். செய்தார்க்கு அவ்வினை உண்டென்றே கொள்ளுகின்றோம். அதனைக் குறைக்கும் முயற்சியும் அவர்களிடையே இல்லாமல் இல்லை. 1959-ஆம் ஆண்டில் இரசல், பர்ச் என்னும் இருவர், விலங்கிற்கு மாற்றுத் தேடுக, எண்ணைக் குறைக்க, நோவினைத் தணிக்க என்று மூவகை நெறி வகுத்தனர். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்காய்வினைக் கண்காணிக்கும் குழுவும் உளது. 2023-ஆம் ஆண்டில் புதுமருந்து விதிகளைத் திருத்தி, விலங்கில்லாச் சோதனை முறைகட்கும் இடந்தந்தனர். போதுமா எனின் போதாது.

அங்ஙனமாயின் அவ்வெலிகளாற் பெற்ற அறிவினைப் பயன்கொள்ளும் நோயாளிக்கும் அப்பாவத்திற் பங்குண்டோ? செய்தான், செய்வித்தான், உடன்பட்டான் என மூவர்க்கும் வினை ஒக்கும் என்ப. 2012-இல் நிகழ்ந்த செயலை இவ்விளைஞர் செய்தவரும் அல்லர், செய்வித்தவரும் அல்லர். அவர் அப்போது பள்ளிச் சிறுவர். அது முடிந்த செயல். அதன்கண் வெளிப்பட்ட அறிவு யாவர்க்கும் பொது. கன்றின் ஊனீரோ ஒவ்வொரு மருந்திற்கும் புதிதாக விலைகொடுத்து வாங்கப்படுவது. முன்னையதற்கு இரங்கலாம், பின்னையதனை நிறுத்தலாம். இரண்டினையும் ஒரு தன்மைத்தாகக் கருதி, எல்லாம் பாவமே என்று மருந்தனைத்தையும் ஒதுக்குவாரும், எல்லாம் நலத்திற்கே என்று யாவற்றையும் ஏற்பாரும் ஆராய்ச்சியின் உழைப்பினை அஞ்சியோரே. இதன்கண் எம்மொடு மாறுபடும் அறிஞர் உளராயின் அவர் மறுப்பினை மகிழ்ந்து ஏற்போம்.

பற்களைப் பணம் பெற்றுக் குளிர்பேழையில் வைத்துக் காப்போம் என்பாரைப் பற்றிச் சுருங்கச் சொல்லுதும். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், தொப்பூழ்க்கொடிக் குருதி ஒழிய, பல் முதலிய ஏனையவற்றை வணிகமுறையிற் சேமித்தல் இசைவளிக்கப்படவில்லை. குருதிநோய்கட்குச் செய்யும் மச்சைமாற்று முதலியவை ஒழிய, முறைப்படி இசைவு பெற்ற சோதனைக்குப் புறம்பாகக் குருத்தணுவைப் பெய்தலும் அறமன்றென விலக்கப்பட்டது. நோயாளியின் ஆசையை விலையாக்குவாரிடம் செல்லற்க என்று அன்பர்க்கு அழுத்தமாக எழுதினோம். சோதனை ஏதேனும் இசைவு பெற்று நடைபெறுமாயின் பணம் கேளார் என்பதும், கேட்பின் ஐயுறுக என்பதும், அணு வளர்ந்த நீரைப் பற்றி வினாவுக என்பதும் உடன் எழுதினோம். மருந்து தேடுதலை எந்நூலும் விலக்கவில்லை என்பதனை, அவர் வேண்டியவாறே, கையெழுத்திட்டு எழுத்தால் தெரிவித்தோம்.

அதற்கு அவர் விடுத்த மறுமொழி வந்துள்ளது. மகனார் தாமே சொல்லித் தந்தையார் எழுதியதாக அதன் அடியில் ஒரு வினா இருந்தது. தமக்கையார் மகவிற்கு ஆறு வயது. சென்ற திங்களில் முதற்பல் விழுந்தது. வழக்கம்போல் சாணத்துட் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டனர். அதனை எறியாது வைத்திருந்தால் தமக்கு உதவியிருக்குமோ என்பது. விழுந்த பல் உலர்ந்துவிடின் கூழணு இறந்துவிடும்; உடனே குளிர்ந்த காப்புநீரில் இட்டு ஆய்வுநிலையம் சேர்த்தாலன்றிப் பயன்படாது; சேர்த்திருந்தாலும் தண்டுவடத்திற்கு அதனைப் பெய்து தரும் மருத்துவம் நிறுவப்பட்டிலது; ஆதலின் எறிந்ததனால் இழந்தது ஒன்றும் இல்லை, குழந்தைக்கு இன்னும் பத்தொன்பது பல் உள என்று விடை எழுதியிருக்கின்றோம்.